கமராக் கொப்பியில் இருந்த சிரிப்பு

இராஜேஸ்வரி தியேட்டரில் ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஆனாலும் ஸ்டுட்கார்ட்டில், பாட் கான்ஸ்டாட் பக்கத்துத் தமிழ்ச் சனத்திடம் ஞாயிற்றுக்கிழமைப் படம் என்று சொன்னால், கதாநாயகனுக்கு முன்னால் அவளுடைய முகம்தான் நினைவுக்கு வரும். அவளுடைய கணவர் ராசன் கிழமை நாட்களில் ஒரு பாண் பேக்கரியில் மாக் குழைப்பார். ஞாயிறு மத்தியானங்களில் ஜெர்மன்காரரின் சின்னத் தியேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப்படம் ஓட்டுவார். படப்பெட்டி பாரிஸிலிருந்து வரும்; மறுநாள் சுவிசுக்குப் போய்விடும். மண்டபக் கதவுக்கு வெளியே, முன்கூடத்தில், ஒரு நீள மேசை. மேசையில் ரோல்ஸ், பட்டிஸ், கட்லட், பெரிய பிளாஸ்கில் தேநீர். மேசைக்குப் பின்னால் இராஜேஸ்வரி.

படம் அவளுக்குக் கதவு வழியாகத்தான் வந்தது. தடித்த கதவு, வசனம் கேட்காது. பாட்டின் தாளம் மட்டும் நிலத்தில் அதிரும். ஆனால் சனத்தின் சத்தம் கேட்கும். எந்தப் பிள்ளையாவது மூத்திரம் முட்டி வெளியே ஓடி வரும்போது கதவு திறந்து மூட, அந்த இடைவெளியில் ஒரு சேலைத் தலைப்போ பாதி லொறியோ அவள் கண்ணில் படும். மிச்சப் படத்தை அவள் காதால் கட்டி எழுப்பிக்கொள்வாள்.

காலம் போகப் போக அந்தச் சத்தத்தில் வயது பிரிக்கவும் பழகிவிட்டாள். விசில் மட்டும் கேட்டால் அது இளந்தாரிகளின் படம். பிள்ளைகள் முன்கூடத்தில் ஓடிப்பிடித்து விளையாடித் தேநீரைத் தட்டிக் கொட்டுவார்கள். மூக்கு உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டால் வயதானவர்களின் படம். இளந்தாரிகள் வெளியே வந்து சிகரெட்டும் ரோல்ஸுமாக நிற்பார்கள். எப்போதாவது ஒருமுறை எல்லா வயதும் உள்ளேயே இருந்துவிடும். கதவு திறக்கவே திறக்காது. அன்றைக்கு அவளுக்கு யாவாரம் இல்லை.

"ஒண்டும் விக்கேல்லை," என்பாள், மிஞ்சிய பட்டிஸைப் பெட்டியில் அடுக்கியபடி.

"அப்ப படம் நல்லம் எண்டு அர்த்தம்," என்பார் ராசன். "உம்மட பட்டிஸ் எல்லாம் வித்துத் தீர்ந்துதெண்டால் எனக்குத் தலையில துண்டுதான்."

அப்படிக் கதவு திறக்காத படங்களில் கடைசியாக வந்தது ஆட்டுப்படம். அதற்கு வேறு பெயர் இருந்தது. சனம் அப்படித்தான் சொன்னது. ஒரு கல்யாண வீட்டில், முகூர்த்தத்துக்கு முதல்நாள், தாலியை ஆடு விழுங்கிவிடுகிறது. வீடே ஆட்டுக்குப் பின்னால் அலைகிறது. பிள்ளைகளுக்கு அது ஆட்டின் கதை. ஆடு தேடுகிற சாட்டில் வயற்கரையில் சந்தித்துக்கொள்கிற இரண்டு பேர் இருந்தார்கள். இளம் ஆட்களுக்கு அது அவர்களின் கதை. செவிடு மாதிரி நடித்துக்கொண்டு எல்லோருடைய இரகசியத்தையும் கேட்டு வைத்திருக்கிற ஒரு கிழவரும் இருந்தார். ஆடு தாலியை விழுங்கவேயில்லை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். வயதானவர்கள் அவருக்காக இரண்டாம் முறையும் வந்தார்கள். மூன்று பகுதியும் ஒரே இடத்தில் சிரித்தது, வேறு வேறு காரணத்துக்காக.

ராசன் படம் பார்ப்பதில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோடு சாய்ந்து நின்று சனத்தைப் பார்ப்பார். சனம் சிரித்து முடித்து, அடுத்த வசனத்துக்காக அடங்கின பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வரும். மற்றவர்கள் சிரித்ததற்குச் சிரிக்கிற சிரிப்பு. முதலில் சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போவதுபோல ஒரு சீறல். பிறகு ஒரேயொரு 'ஹா'. பிறகு இருமல். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளுக்கு அது தெளிவாகக் கேட்கும். அந்த நேரத்தில் மண்டபத்தில் வேறு யாரும் சிரிப்பதில்லை.

அந்த மாரிக் குளிரில் ராசன் இறந்துபோனார். வேலைக்குப் போகிற வழியில், டிராம் தரிப்பிடத்து வாங்கில் இருந்தபடி. பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரி அவர் நித்திரை என்று நினைத்தாளாம். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரு பையோடு ஜெர்மனிக்கு வந்து இறங்கின நாளிலிருந்து ஒரு நாளும் வேலைக்குப் பிந்தாத மனிதர் அன்றைக்குப் பிந்தினார். படம் ஓட்டுவது அதோடு நின்றது. நீள மேசையை இராஜேஸ்வரி மடக்கி நிலவறையில் வைத்தாள். பிள்ளைகள் இல்லாத வீடு. அதற்குப் பிறகு அவள் யாருக்கும் ரோல்ஸ் சுடவில்லை.

இரண்டாயிரத்து ஏழில், அவளுடைய கட்டடத்தின் மேல்மாடிக்குக் கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் குடிவந்தது. அவர்கள் வந்ததை அவள் அறிந்தது படிக்கட்டில்தான். ஸ்டுட்கார்ட் வீடுகளில் படிக்கட்டுக் கூட்டுவது முறைவைத்து. எந்த வீட்டுக் கதவில் அந்தச் சின்ன மட்டை தொங்குகிறதோ, அந்தக் கிழமை அந்த வீட்டுக்காரர் கூட்ட வேண்டும். மட்டை அவளுடைய கதவில் தொங்கிய ஒரு பிற்பகல். மேலிருந்து கீழாகக் கூட்டுவோம் என்று ஏறிப் போனவள் புது வீட்டுக் கதவடியில் நின்றுவிட்டாள்.

கதவுக்குப் பின்னால் ஒரு மண்டபம் நிறையச் சனம் சிரித்தது.

பிள்ளைகளின் கீச்சுக் குரல் முதலில். அதன்மேல் பெரியவர்களின் சிரிப்பு. அடியில் எங்கேயோ வயதான பெண்களின் 'ஐயோ, ஐயோ'. பிறகு எல்லாம் அடங்கியது. அந்த அமைதிக்குள் ஒரு சீறல். ஹா. இருமல்.

இராஜேஸ்வரி தும்புத்தடியோடு படியில் இருந்துவிட்டாள். எவ்வளவு நேரம் இருந்தாளோ, கதவு திறந்தது. குப்பைப் பையோடு ஒரு இளம் பெண். அவளுடைய காலுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண்பிள்ளை.

"என்ன அக்கா, சுகமில்லையோ? தண்ணி ஏதும் கொண்டரட்டோ?"

"இல்லைப் பிள்ளை. உள்ளுக்க ஆர் ஆர் இருக்கினம்?"

"நானும் இவளும் மாமாவும்தான். ஏன், சத்தம் கூடவோ? மாமாவுக்குக் காது கேளாது. ரீவியைக் கூட்டி வைச்சால்தான் மனுசன் சந்தோசமா இருப்பார்."

பிள்ளை தாயின் காலை விட்டு முன்னால் வந்து இராஜேஸ்வரியின் வாயையே பார்த்தது. "ரோல்ஸ் அன்ரி," என்றது.

தாய் சிரித்துவிட்டாள். "இது இப்பிடித்தான், ஆரைக் கண்டாலும் ஒரு பேர் வைக்கும். கோவியாதேங்கோ."

கோபம் வரவில்லை. ஆனால் அவள் ரோல்ஸ் விற்று வருடங்கள் ஆகிவிட்டன. அந்தப் பிள்ளை ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருக்காது.

தாயின் பெயர் கொறற்றி. முதியோர் இல்லத்தில் வேலை; ஒரு கிழமை காலை, ஒரு கிழமை பின்னேரம். கணவன் மதீசன் கார்ப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில். மாமனார் உருத்திரமூர்த்தியால் நாலு வயதுத் தேனுஜாவுக்குப் பின்னால் ஓட ஏலாது. கிண்டர்கார்டன் விட்ட பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கொறற்றி சொல்லத் தொடங்கிய வசனம் முடிய முதலே இராஜேஸ்வரி ஓம் என்றுவிட்டாள்.

தேனுஜாவுக்கு ஒரே படம்தான் படம். இரண்டு சீடியில் இருந்த ஆட்டுப்படம். திரை கொஞ்சம் சரிந்து நிற்கும். இடைக்கிடை ஒரு தலை அதைக் கடந்து போகும். யாரோ ஜக்கெட்டுக்குள் கமராவை ஒளித்துக்கொண்டுபோய்த் தியேட்டரில் பிடித்த கள்ளக் கொப்பி. படத்தின் சத்தத்தோடு பார்த்த சனத்தின் சத்தமும் அதில் ஏறியிருந்தது. இந்தக் கமராக் கொப்பிக்காரரோடுதான் ராசன் காலம் முழுதும் மல்லுக்கட்டினார். சேட்டுக் கொலரில் பிடித்து ஆட்களை வெளியே விட்டிருக்கிறார்.

வீட்டில் எல்லோருமே அதைப் பார்த்தார்கள். உருத்திரமூர்த்தி செவிட்டுக் கிழவர் வந்தால் மட்டும் நிமிர்ந்து இருப்பார். "உவன் என்னை மாதிரி, எல்லாம் கேக்குது உவனுக்கு," என்று தன் காதுக் கருவியைத் தட்டிக் காட்டுவார். கொறற்றி வேலைச் சட்டையோடு, சப்பாத்தைப் போட்டபடி, வயற்கரைப் பாட்டு முடியும் வரை வாசலில் நிற்பாள். பிள்ளைக்கு ஆடு. மூன்று பேரும் சிரித்து ஓய்ந்த பிறகு நாலாவதாக ஒருவர் சிரிப்பார். மதீசன் அறையைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர் பூட்டியிருந்தான். அந்தச் சிரிப்பு ரீவியிலிருந்து வராது; பின்னால், குசினி வாசலுக்கு மேல் இருந்த ஸ்பீக்கரில் இருந்து வரும்.

"மாமா சிரிச்சு முடிஞ்சுது. இனி ஆடு ஓடும்," என்று பிள்ளை விளங்கப்படுத்தியது.

"எந்த மாமா அம்மா?" என்று இராஜேஸ்வரி கேட்டாள்.

"பின்னுக்கு நிக்கிற மாமா."

குசினிக்குப் போகும்போது பிள்ளை வாசலின் ஒரு கரையால்தான் போகும். நடுவில் மிதிக்காது. நிற்கிற ஒருவரைச் சுற்றிப் போகிற மாதிரி.

உலகத்தில் ஒருவருக்குத்தானா அப்படிச் சிரிப்பு என்று இராஜேஸ்வரி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இந்தப் படம் பாரிஸிலும் சூரிச்சிலும் ஓடியது. எந்த ஊர் மண்டபத்தில் பிடித்ததோ. இருமுகிற ஆம்பிளைகள் எங்கும் இருக்கிறார்கள். இப்படிச் சொல்லிக்கொண்டே அவள் மறுபடி ரோல்ஸ் சுடத் தொடங்கினாள்.

ஒருநாள் குசினியில் எண்ணெய்ச் சட்டியோடு நின்றபோது, பிள்ளை வாசலில் வந்து நின்றது.

"ஈசு, எனக்கொண்டு எடுத்து வையும்."

இராஜேஸ்வரி அடுப்பை நிறுத்தினாள். ஈசு என்று அவளைக் கூப்பிட்டது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள். அதைவிடப் பெரிய பயம் அந்தச் சொல்லின் முடிவில் இருந்தது. நாலு வயதுப் பிள்ளை பெரியவர்களிடம் 'வையுங்கோ' என்று சொல்லும். கோபம் வந்தால் 'வை' என்று சொல்லும். 'வையும்' பிள்ளைகளின் வாயில் வருகிற சொல் அல்ல. அது ஒரு மனிசன் தன் பெண்சாதியிடம் சொல்கிற சொல். இங்கே வளர்ந்த இளம் மாப்பிள்ளைமாரே அதை விட்டுவிட்டார்கள். மதீசன் கொறற்றியை நீ என்றுதான் கூப்பிடுவான்.

"ஆர் உனக்கு அப்பிடிச் சொல்லித் தந்தது?"

"பின்னுக்கு நிக்கிற மாமா," என்றது பிள்ளை, ரோல்ஸில் கண் வைத்தபடி.

அன்றைக்கு அவள் முதலாவது சீடியை நிறுத்தாமல் கடைசி வரை ஓடவிட்டாள். பிள்ளை மடியில் இருந்தது. தாலி காணாமல் போன இடத்தில் திரையில் இடைவேளை என்று எழுத்து வந்தது. உடனே பின் ஸ்பீக்கரில் ஒரு குரல் கத்தியது.

"பீலிக்ஸ்! பவுசே!"

படம் ஓட்டுகிற ஜெர்மன்காரன் பீலிக்ஸுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. இடைவேளை வந்தாலும் அவன் தன்பாட்டில் படத்தை ஓடவிட்டுக்கொண்டிருப்பான். ஒவ்வொரு ஞாயிறும் கதவடியிலிருந்து ராசன் இடைவேளை என்பதை ஜெர்மனில் அப்படித்தான் கத்திச் சொல்லுவார். பாரிஸிலும் சூரிச்சிலும் பீலிக்ஸ் இல்லை.

திரையில் வெளிச்சம் வந்தது. கமராக்காரன் பதறிக் கமராவைக் கதிரைக்குக் கீழே இறக்கியிருக்க வேண்டும். சிவப்புக் கம்பளமும் யாரோ ஒருவரின் சப்பாத்தும் தெரிந்தன. நிறுத்த மறந்துவிட்டான். கதிரைகள் மடிபடுகிற சத்தம். கதவு திறந்தது. தூரத்தில் ஒரு பெண்குரல்: "சுடச்சுட ரோல்ஸ், ரோல்ஸ்! பிள்ளையள், தள்ளாதேங்கோ."

தேனுஜா நிமிர்ந்து அவளுடைய நாடியைத் தொட்டது. "இது நீங்கள்."

பிறகு, கிட்ட, காதுக்குள் சொன்ன மாதிரி: "ஈசு, எனக்கொண்டு எடுத்து வையும்."

பெண்குரல்: "உங்களுக்குக் கொழுப்புக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவரெல்லே."

ஒரு சீறல். ஹா. இருமல். அதோடு சீடி முடிந்து திரை நீலமானது.

எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. பிள்ளை அந்த இடத்தைப் பலமுறை கேட்டிருக்கிறது. படியில் அவள் பேசினபோது குரலை அடையாளம் பிடித்திருக்கிறது. இனிப் பயப்பட ஒன்றுமில்லை என்று இராஜேஸ்வரி நினைத்தாள். ஆனால் பிள்ளை மடியிலிருந்து இறங்கிப் போன பிறகும் அவள் அந்த நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறந்தவர் கூப்பிட்டார், பதில் சொன்னது அவளுடைய குரல். தான் எந்தப் பக்கத்தில் இருக்கிறாள் என்று ஒரு கணம் தெரியாமல் போயிற்று.

மறுநாள் அசோகனின் கடைக்குப் போனாள். அசோகன் மரக்கறியோடு படச் சீடியும் வாடகைக்கு விடுகிறவன்.

"ஆட்டுப்படம் எங்கட மண்டபத்தில கமராவில பிடிச்சது நீர்தானே?"

அசோகன் முருங்கைக்காய்க் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தான். "அக்கா, செத்த வீட்டுக்கு வந்தனான், சோறும் திண்டனான், இப்ப கேக்கிறியளே. ஓம். அண்ணை நிண்ட இடத்துக்கு முன்னால, கடைசி வரிசையிலதான் இருந்தனான். குனிஞ்சு பாத்திருந்தால் என்ர தோலை உரிச்சுப் பட்டிஸ் சுட்டிருப்பார்."

"வேற கொப்பி இருக்கோ?"

"நல்ல டிவிடி வந்தாப் பிறகு உந்தச் சனியனை ஆர் வைச்சிருக்கிறது? அண்ணை இருமுற சத்தத்தில வசனமே கேக்காதெண்டு சனம் திருப்பிக் கொண்டந்து எறிஞ்சது." சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கு விளங்கியது. ஒரு நல்ல டிவிடியை எடுத்து, கறிவேப்பிலையோடு சேர்த்து அவளுடைய பையில் வைத்தான்.

அந்த டிவிடியை அவள் திறக்கவில்லை.

பிள்ளையோடு டிராமில் போன ஒரு நாள், குடித்திருந்த ஒரு கிழவனின் தொப்பி கழன்று ஒரு சீமாட்டியின் மடியில் விழுந்தது. பெட்டியே சிரித்தது. சிரிப்பு அடங்கி எல்லோரும் யன்னலைப் பார்க்கத் திரும்பினார்கள். அப்போது இராஜேஸ்வரியின் முழங்காலடியில் ஒரு சீறல். ஹா. இருமல். தேனுஜா வாயைப் பொத்திக்கொண்டு, தொப்பியைப் பார்க்காமல், சிரித்து முடித்த சனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இராஜேஸ்வரி பிள்ளையின் கையைப் பிடித்துக் கதவடிக்குக் கூட்டிப் போனாள். அடுத்த தரிப்பில் இறங்கும்போது அவளுக்கு ஒன்று விளங்கியிருந்தது. சீடியில் இருக்கிற சிரிப்பு எப்போதும் அதே இடத்தில் வரும், அதே ஞாயிற்றுக்கிழமையில். பிள்ளையிடம் இருக்கிற சிரிப்பு இன்றைக்கு நடந்ததற்கு வந்தது. இன்றைக்கு அவளோடு டிராமில் வந்தது.

அதன் பிறகு அவள் அதற்குத் தீனி போடத் தொடங்கினாள். பகிடிகளைத் தேடிப் பிடித்துச் சொன்னாள். உருத்திரமூர்த்தியின் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் பிசகாக விளங்கிப் பதில் சொல்லும்படி கதைத்தாள். எல்லோரும் சிரிப்பார்கள், அவள் மட்டும் சிரிக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்த அமைதிக்குக் காத்திருப்பாள். வரும். ராசன் இருந்தபோது அவள் இவ்வளவு பகிடி சொன்னதில்லை.

சீறலைக் கொறற்றியும் கவனித்துவிட்டாள். ஆனால் அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். அவளுடைய காதுக்கு அது வேறு ஒன்றாகக் கேட்டது.

"பிள்ளைக்கு மூச்சு இழுக்குது அக்கா. கிண்டர்கார்டனிலயும் சொல்லுகினம். சும்மா இருந்திட்டு இழுக்குது, பிறகு இருமுது."

பிள்ளைகளின் டொக்டர் ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார். காலையும் மாலையும் கொறற்றி பிள்ளையின் முகத்தில் அந்தப் பிளாஸ்டிக் மூடியை அமர்த்தி அடிப்பாள். பிள்ளை கை காலை அடித்து அழும். இராஜேஸ்வரி பாத்திரம் கழுவுவாள். தண்ணீரைக் கூடத் திறந்துவிட்டுக் கழுவுவாள்.

ஸ்ப்ரேக்கு அது நிற்கவில்லை. ஒரு ஞாயிறு, கொறற்றி மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள்: "ஆஸ்பத்திரியில புதன்கிழமை வரச்சொல்லி டெர்மின் தந்திருக்கினம். கச்சான் கொட்டை கிட்டை ஏதும் மூச்சுக்குழாய்க்குள்ள போயிருக்குமாம். மயக்கிப்போட்டு, தொண்டைக்குள்ளால ஒரு சின்னக் கமரா விட்டுப் பாக்கப் போகினமாம்."

"ஆடு மாதிரித் தாலியை விழுங்கிச்சுதோ தெரியாது," என்றார் உருத்திரமூர்த்தி.

யாரும் சிரிக்கவில்லை. அதனால் பிறகும் ஒன்றும் வரவில்லை.

திங்கட்கிழமை இராஜேஸ்வரி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். செத்தவரின் சிரிப்புப் பிள்ளையில் ஏறியிருக்கிறது என்று கிழவர் நூல் கட்டுவார். கொறற்றி தேவாலயத்துச் சுவாமியாரைக் கூட்டி வருவாள். சீடி குப்பைக்குப் போகும். பிள்ளையின் தொண்டையிலிருந்து ராசன் இறங்கிப் போய்விடுவார், இந்த முறை ஒரேயடியாக. சொல்லாவிட்டால்? கமராவை விட்டுப் பார்ப்பார்கள், ஒன்றும் இருக்காது, பிள்ளையைத் திருப்பித் தருவார்கள். ஆஸ்பத்திரிகளில் தினமும் செய்கிற காரியம்தானே. இப்படி யோசித்த தன்னை நினைக்க அவளுக்கே பயமாக இருந்தது.

செவ்வாய் பின்னேரம் கொறற்றி ஆஸ்பத்திரிக்குப் பை அடுக்கினாள். சின்ன இரவுச் சட்டை, பல் தூரிகை, ஒரு துணி முயல். தேனுஜா முயலை எடுத்துத் தலையில் வைக்க, அது விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஓய்ந்தார்கள். சீறல் வந்தது.

"பாருங்கோ அக்கா," கொறற்றியின் குரல் உடைந்தது. "பாருங்கோ, எப்பிடி இழுக்குதெண்டு."

"அது இழுப்பு இல்லைப் பிள்ளை," என்றாள் இராஜேஸ்வரி. "அது சிரிப்பு. என்ர மனுசன்ர சிரிப்பு."

கொறற்றியின் கை தன்பாட்டில் நெற்றிக்கும் நெஞ்சுக்கும் போய்ச் சிலுவை போட்டது. இராஜேஸ்வரி சீடியைப் போட்டாள். ஆடு மாக்குவியலுக்குள் விழுந்தது. மண்டபம் சிரித்தது, அடங்கியது. குசினி வாசலுக்கு மேலிருந்து அது வந்தது. இத்தனை நாளும் கேட்டும் கேளாமல் இருந்த கொறற்றி இப்போதுதான் அதைக் கேட்டாள். மெல்லத் திரும்பி, வெறும் வாசலைப் பார்த்தாள். அதே நேரம் தரையில் இருந்த பிள்ளை, அதே சீறலை, அதே ஹாவை, அதே இருமலைப் பக்கத்தில் வைத்தது. இரண்டுக்கும் இடையில் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

"எப்ப இருந்து தெரியும் உங்களுக்கு?"

"பிள்ளை அப்பிடிச் சிரிச்ச முதல் நாளில இருந்து."

"அப்ப நான் ஸ்ப்ரே அடிக்கேக்க, பிள்ளை குழறேக்க, நீங்கள் அங்கை நிண்டு கோப்பை கழுவினனீங்கள்."

"ஓம்."

உருத்திரமூர்த்தி காதுக் கருவியைக் கையில் எடுத்துத் திருகிக்கொண்டிருந்தார். கேட்டாரா இல்லையா என்று தெரியவில்லை.

கொறற்றி தொலைபேசியைத் தூக்கினாள், வைத்தாள். "செத்துப்போன ஒராள் மாதிரிச் சிரிக்குதெண்டு ஜெர்மனில எப்பிடிச் சொல்லுறது?" கடைசியில் ஆஸ்பத்திரிக்கு எடுத்து, பிள்ளை ஒரு படத்தைப் பார்த்து நடித்துக் காட்டுகிறது என்று சொன்னாள். டொக்டர் புதன்கிழமை பிள்ளையை ஒரு கதிரையில் இருத்தி, அந்தச் சத்தத்தைச் செய் என்றார், செய்தது. நிறுத்து என்றார், நிறுத்தியது. நெஞ்சுக் குழலை வைத்துக் கேட்டார். மயக்க மருந்து வேண்டாம், படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்சக் காலம் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்.

அன்று மாலை கொறற்றி கீழே வந்து இராஜேஸ்வரியின் கதவைத் தட்டினாள். இரண்டு சீடியையும் நீட்டினாள்.

"நீங்களே வைச்சிருங்கோ அக்கா. கொஞ்ச நாளைக்கு மேல வராதேங்கோ. கோவத்தில சொல்லேல்லை. பயத்தில சொல்லுறன்."

இராஜேஸ்வரி அவற்றை ராசனின் சேட்டுகளுக்கு நடுவில் வைத்தாள். போட்டுப் பார்க்கவில்லை. அதில் அவர் எந்த இடத்தில் சிரிப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தக் கிழமைகளில் அவள் படிக்கட்டில் மெதுவாக ஏறினாள், மெதுவாக இறங்கினாள். மேலே பிள்ளை ஓடுகிற சத்தம் கேட்கும். விழுகிற சத்தம், அழுகிற சத்தம் எல்லாம் கேட்டன. தான் தேடினது மட்டும் கேட்கவில்லை. நாலு வயதில் மறப்பதற்கு அதிக காலம் பிடிக்காது.

இலைகள் கொட்டத் தொடங்கினபோது கொறற்றியே வந்து கூப்பிட்டாள். பின்னேர வேலை மாற்ற ஏலாதாம். பிள்ளை ரோல்ஸ் கேட்டு நச்சரிக்கிறதாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "நல்ல டிவிடி ஒண்டு வைச்சிருக்கிறியள் எண்டு அசோகன் அண்ணை சொன்னவர். அதையும் கொண்டு வாங்கோ," என்றாள்.

முதல் முறை எல்லோரும் சேர்ந்தே பார்த்தார்கள். திரை நேராக நின்றது. தலைகள் கடக்கவில்லை. ஆட்டின் கண் மஞ்சள் நிறம் என்பது அப்போதுதான் தெரிந்தது. உருத்திரமூர்த்தி கிழவருக்கு நிமிர்ந்தார். கொறற்றி சப்பாத்துப் போட்டபடி வயற்கரைப் பாட்டுக்கு நின்றாள். ஆடு மாக்குவியலுக்குள் விழுந்தது. தேனுஜா கிழவரோடும் தாயோடும் சேர்ந்து, அதே நேரத்தில், வாய் திறந்து கலகலவென்று சிரித்தது. அவர்கள் முடிக்கும்போது அதுவும் முடித்தது.

குசினி வாசலில் நின்ற இராஜேஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. படத்தில் யாரோ கதவு சாத்தினார்கள். வெளியே டிராம் போயிற்று. நல்லது, பிள்ளைக்குச் சுகம், இதைத்தானே விரும்பினோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதே அது வந்தது. சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போவதுபோல. மிகக் கிட்ட.

தன்னுடைய பற்களுக்கு இடையால் அது போகிறது என்பதை அவள் அறிந்தபோது 'ஹா'வும் வெளியே வந்துவிட்டது. அவள் அதைச் சிரிக்கவில்லை, சிரிக்க நினைக்கவுமில்லை. கையால் வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள் இருமல் வந்து முட்டியது, ஒரு ஆம்பிளையின் தடித்த இருமல், நெஞ்சு முழுவதையும் குலுக்கிக்கொண்டு.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கொறற்றியின் முகத்தில் இரத்தம் இல்லை.

"அக்கா... நீங்களோ அது?"

தொண்டை, யாரோ பாவித்துவிட்டுத் திருப்பித் தந்த மாதிரி நொந்தது. இராஜேஸ்வரி கையை வாயிலிருந்து எடுத்தாள். பிள்ளை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லப்போகிற பதிலில்தான் நாளைக்கு இந்த வீட்டுக்குள் வருவதும் வராததும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஓம் பிள்ளை," என்றாள். "நான்தான்."